இருபது உபமந்திரிகளும் ஒரு பொதுஜனமும்

நான் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்த இரண்டாம் வருஷம் எனக்குக் கல்யாணமாயிற்று. கையோடு ராயபுரத்தில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த ஒரு ஸ்டோரில் குடியேறினோம். ஸ்டோர் என்றால் கடை இல்லை. நடுவே நீளமாக ஒரு முற்றம், இரண்டு பக்கமும் ஓடு போட்ட ஒற்றை அறைகள், அறைக்கு ஒரு குடித்தனம். இருபத்திரண்டு குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரு குழாய், இரண்டு கக்கூஸ், ஒரு துணிக்கொடி, முற்றத்துக் கம்பத்தில் ஒரே ஒரு பல்பு. என் வீட்டுக்காரர் பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸில் ஃபிட்டர். பட்டணத்துக்கே கரண்டு அனுப்பும் இடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து சிம்னி விளக்கு வெளிச்சத்தில் சாப்பிடுவார். அறைகளுக்குள் அப்போது கரண்டு கிடையாது.

நாட்டில் முதல் பொதுத்தேர்தல் முடிந்திருந்த சமயம். யாருக்கு மந்திரி பதவி, யாருக்கு இல்லை என்பதுதான் எங்கேயும் பேச்சு. முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் ஒரு பக்கம் மட்டும் வெட்டிய தலையோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் வந்து சொன்னார். வெட்டுகிறவர் மந்திரிசபை அமைத்துக்கொண்டிருந்தாராம்.

எங்கள் ஸ்டோரிலும் ஒரு மந்திரி இருந்தார். துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுகிறவர். கப்பல் இரைச்சலில் கத்திக் கத்தி அவருக்குச் சாதாரணமாகப் பேசவே வராது. மனைவியிடம் உப்பு கேட்டால் தெருமுனைக் கடைக்காரர் எடுத்து வைப்பார் என்று சொல்வோம். குழாயடியில் சண்டை வந்தால் அவர் வாசலுக்கு வந்து ஒரு முறை கூப்பிட்டாலே போதும், குடங்கள் வரிசையில் நின்றுவிடும். அதனால் யாரோ விளையாட்டாக அவரை மந்திரி என்று கூப்பிட, அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து தோளில் துண்டை மடித்துப் போட ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து நான் கொண்டு வந்திருக்கும் முந்தின நாள் பத்திரிகையை முற்றத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். அப்படி ஒருநாள், உபமந்திரிகளின் எண்ணிக்கையைக் கூட்டப் போகிறார்கள் என்று ஒரு செய்தி வந்தது. சமூகத்தின் தேவைகள் பெருகிவிட்டபடியால் மந்திரிகளுக்குக் கீழே இன்னும் சில உபமந்திரிகள் அவசியமாகிறார்கள் என்று போட்டிருந்தார்கள். வின்ச்காரர் அந்த வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்ததை அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்தேன்.

"டீச்சரம்மா, அதான் விசயம்," என்றார். "நான் ஒண்டி ஆளு. கொயாயும் நானே, கக்கூஸும் நானே, கொடியும் நானே. எப்டி முடியும்? நமக்கும் தேவை பெருகிகினுதான கீது."

அன்றைக்கே முதல் உபமந்திரி நியமனமானார். குழாய்த் துறை. அதை வாங்கிக்கொண்டவள் மீன்கார அக்கா. புருஷன் இல்லை, பிள்ளைகள் இல்லை, ஒரு ஆடு மட்டும் உண்டு. விடியற்காலை படகு வரும் நேரத்துக்குக் கரைக்குப் போகிறவள் என்பதால் நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும்போது எப்படியும் விழித்திருப்பாள். கூடையைப் பக்கத்தில் வைத்து, குழாய்க்கு எதிரே ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்தாள். வீட்டுக்கு நாலு குடம் என்றாள். ஐந்தாவது குடத்தை வைத்த ஒரு பெண்ணை அவள் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பெண் தானாகவே குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வாரம் சண்டையே இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஒரு வாரம் ஆட்சி நன்றாகத்தான் இருந்தது.

அந்த வெற்றிதான் கெடுத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கக்கூஸ் துறைக்கு ஒருவர், கொடித் துறைக்கு ஒருவர். கொடியைக் கவனித்தவர் டிராம் கண்டக்டர். துணி காயப்போட வருகிறவர்களை 'முன்னால போ, முன்னால போ' என்று தள்ளி நிறுத்துவார். அதற்கடுத்த ஞாயிறு முற்றம் பெருக்கும் துறை. என் வீட்டுக்காரருக்கு விளக்குத் துறை கிடைத்தது. இருப்பது ஒரு பல்பு, அதைச் சாயங்காலம் போட்டு ஒன்பது மணிக்கு அணைக்க வேண்டும். பவர் ஹவுஸில் இத்தனை வருஷ சர்வீஸ் உள்ளவனுக்கு ஒரு பல்புதானா என்று அவருக்கு மனத்தாங்கல். இருந்தாலும் தினமும் ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் பல்பைத் துடைத்தார். வீட்டுச் சிம்னியை நான்தான் துடைத்தேன்.

எனக்கு எழுதத் தெரியும் என்பதால் என்னைக் காரியதரிசியாக வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துப் பழைய நோட்டில் ஒவ்வொரு நியமனத்தையும் எழுதுவேன். 'சமூகத்தின் தேவையை உத்தேசித்து' என்று தொடங்க வேண்டும் என்பது வின்ச்காரரின் கண்டிப்பான உத்தரவு. சமூகத்தின் தேவையை உத்தேசித்துக் காக்கை விரட்டும் உபமந்திரி. சமூகத்தின் தேவையை உத்தேசித்து, தபால்காரர் வந்தால் யார் வீடு என்று காட்டும் உபமந்திரி. குழந்தைகள் அழுதால் யார் குழந்தை என்று கண்டுபிடித்துச் சொல்லும் உபமந்திரி. கடைசி அறைக்காரரின் குறட்டையைப் பற்றிப் புகார் வந்தபோது சத்தத் துறை உண்டாயிற்று. அந்தத் துறையை வின்ச்காரர் தன் கையிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று யாரோ சொல்லப்போக, அன்றைக்குக் கூட்டம் பாதியில் கலைந்தது.

ஒரு குடித்தனத்துக்கு ஒரு பதவி. பதவி ஒருவருக்கு என்றாலும் மொத்தக் குடும்பமும் அரசாங்கம்தான் என்பது வின்ச்காரர் வைத்த சட்டம். பதவி கிடைக்காத குடித்தனக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அதனால் எந்த வீட்டில் முகம் தூக்கியிருக்கிறதோ அந்த வீட்டுக்குப் பொருத்தமாக ஒரு தேவையைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஞாயிற்றுக்கிழமை வேலையாகிவிட்டது. ஐப்பசி மாசத்துக்குள் பத்தொன்பது பேர் ஆகிவிட்டார்கள்.

கடைசி அறைக்காரர் என்று சொன்னேனே, அவர் துறைமுகக் கிடங்கில் இரவுக் காவல்காரர். முப்பது வயசிருக்கும், தனி ஆள், பரம சாது. ராத்திரி முழுவதும் விழித்திருந்துவிட்டுப் பகலில் தூங்குவார். கூட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எல்லாம் அவர் அறையிலிருந்து குறட்டைதான் வரும். எங்கள் அரசாங்கம் முளைத்து, கிளைவிட்டு, காய்த்துத் தொங்கியது ஒன்றுமே அவருக்குத் தெரியாது. நாலு குடம் தண்ணீரை மீன்கார அக்கா அவர் வாசலில் வைத்துவிடுவாள், அவர் எடுத்துக்கொள்வார்.

ஒரு மத்தியானம் அவருடைய காக்கி அரை நிஜார் கொடியிலிருந்து காற்றில் விழுந்தது. விழுந்ததை மீன்கார அக்காவின் ஆடு தின்றது. முழுவதும் தின்னவில்லை. ஒரு காலை மட்டும் தின்றுவிட்டு, இன்னொரு காலை யோசித்துக்கொண்டு நின்றது. அவருக்கு டியூட்டிக்கு இருந்தது அந்த ஒரு நிஜார்தான். விழித்தெழுந்தவர் இடுப்பில் துண்டோடு வெளியே வந்து, மிச்சமிருந்ததைக் கையில் எடுத்துப் பார்த்து, யாரிடம் சொல்வது என்று கேட்டார்.

யாரிடம் சொல்வது என்பதுதான் அன்றைய அவசரக் கூட்டத்தின் விஷயம். கொடியில் இருக்கிறவரைதான் என் பொறுப்பு, கொடியை விட்டு இறங்கிய துணி டிராமை விட்டு இறங்கிய ஆள் மாதிரி, அப்புறம் நான் கேட்க முடியாது என்றார் கண்டக்டர். முற்றம் பெருக்கும் உபமந்திரி, காய்ந்த குப்பைதான் தன்னுடையது, ஈரமாகக் கிடப்பது குப்பையில் சேராது என்றார். ஈரம் என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் குழாய்த் துறை. எல்லோரும் மீன்கார அக்காவைப் பார்த்தார்கள்.

"ஈரம்னா என்துதான், ஒத்துக்கிறேன்," என்றாள் அவள். "ஆனா ஆடும் என்துதான நைனா. நானே எப்டி என் ஆட்ட விசாரிக்கிறது? அது மூஞ்சிய பாத்தா எனக்கு சிரிப்பு வருது."

நியாயமான பேச்சு என்று எல்லோருக்கும் பட்டது. எனவே சமூகத்தின் தேவையை உத்தேசித்துக் கால்நடைத் துறை ஏற்படுத்தப்பட்டது. இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த ஒரே குடித்தனத்துக்கு அது போயிற்று. அவர் இருபதாவது உபமந்திரி. பதவியேற்றதும் ஆட்டைக் கூப்பிட்டுப் பார்த்தார். அது வரவில்லை. விசாரணை அந்த மட்டில் முடிந்தது.

காவல்காரர் துண்டோடு அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். யார் யார் என்னென்ன என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் நோட்டைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வின்ச்காரரைப் பார்த்து, "அண்ணாத்தே, அப்போ நான் இன்னா?" என்றார்.

வின்ச்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். விரல் விட்டு எண்ணினார். ஒரு மந்திரி, இருபது உபமந்திரி, இருபத்தோரு குடித்தனம். மிச்சம் ஒன்று. அதற்கும் பதவி கொடுத்துவிட்டால் அரசாங்கம் யாருக்காக? அவர் முகத்தில் வியர்த்துவிட்டது.

"நீதாம்பா பொதுஜனம்," என்றார்.

போன நிஜாருக்குப் பதிலாக என் வீட்டுக்காரர் தன்னுடைய பழைய பவர் ஹவுஸ் நிஜாரைக் கொடுத்தார். அது காவல்காரருக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போனார். போகும்போதே, கம்பத்துப் பல்பு போகிற வழிக்குப் போதுமான வெளிச்சம் தருகிறதா என்று என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே பின்னால் போனார்.

அன்றிலிருந்து அந்த மனிதரின் கஷ்டகாலம் ஆரம்பித்தது. இருபது உபமந்திரிகளுக்கும் சேவை செய்ய அவர் ஒருவர்தான் அகப்பட்டார். காலையில் ஏழு மணிக்கு வேலை முடிந்து வந்து படுப்பார். ஏழேகாலுக்குத் தண்ணீர் திருப்தியா என்று ஒரு தட்டு. ஏழரைக்குக் கக்கூஸுக்குப் போவதாக உத்தேசமுண்டா, காலி செய்து வைக்கட்டுமா என்று இன்னொரு தட்டு. காக்கை உபமந்திரி அவர் ஓட்டின் மேலே காக்கை உட்காரக் கூடாது என்று கல் விட்டெறிய, கல் ஓட்டின் மேலே உருண்டு விழும். சத்தத் துறைக்காரர் வந்து, இத்தனை நாள் குறட்டையைப் புகாராக வைத்திருந்ததற்கு வருத்தம் தெரிவித்து, இனி தாராளமாக விடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கே விடுவது, அவர் தூங்கினால்தானே. தபால் உபமந்திரிதான் பாவம். அந்த மனிதருக்குக் கடிதமே வராது. நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே ஒரு கார்டு வாங்கிக் காவல்காரர் விலாசத்துக்கு எழுதிப் போட்டு, மூன்றாம் நாள் தபால்காரரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார். கார்டில் 'நலம், நலமறிய ஆவல்' என்று மட்டும் இருந்தது.

பத்தாம் நாள் காவல்காரர் கிடங்கில் நின்றபடியே தூங்கி, சாக்குமூட்டைகள் மேல் சாய்ந்துவிட்டார். மேஸ்திரி பார்த்துத் திட்டினார் போலிருக்கிறது. மறுநாள் காலை தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். புளியந்தோப்பில் என் அக்கா வீடு இருக்கிறது, அங்கே போகிறேன் என்றார். அங்கே கசாப்புக் கூடத்தில் ஆடு அறுக்கிற சத்தம் கேட்குமே என்று கால்நடைத் துறைக்காரர் தடுத்துப் பார்த்தார். இதற்கு அது தேவலாம் என்றார் அவர்.

ஸ்டோரே கதிகலங்கிப் போயிற்று. பொதுஜனம் போய்விட்டால் என்ன ஆவது? வின்ச்காரர் பெட்டியை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். இருக்கிற உபமந்திரிகளில் பாதிப்பேர் ராஜினாமா செய்து பொதுஜனமாகலாமே என்று நான் காரியதரிசி என்ற முறையில் ஒரு யோசனை சொன்னேன். இருபது பேரும் என்னைப் பார்த்த பார்வையில் நோட்டை மூடிக்கொண்டேன். என் வீட்டுக்காரரும் அந்த இருபதில் ஒருவர்.

வழி சொன்னவள் மீன்கார அக்காதான். ஆட்களைக் குறைக்க வேண்டாம், ஜனத்தைக் கூட்டலாம் என்றாள். எப்படி என்று கேட்டார்கள். "கண்ணாலம் பண்ணி வைங்க. ரெண்டாவும், அப்பால மூணாவும்," என்றாள்.

காவல்காரர் பெட்டியைக் கீழே வைத்தார்.

அவள் கூடையைச் சுமந்து திருவொற்றியூர் வரைக்கும் போகிறவள். அங்கே அவளிடம் மீன் வாங்கும் ஒரு வீட்டில் ஒரு பெண் இருந்தது. அவர்கள் காவல்காரரின் ஆட்கள்தான் என்று விசாரித்து வைத்திருந்தாள். பெண் கொஞ்சம் வாயாடி என்று மட்டும் சொன்னாள். பொதுஜனம் என்றால் நாலு வார்த்தை பேசத்தான் செய்யும் என்று வின்ச்காரர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். பெண் பார்க்க மந்திரிசபையே போயிற்று. இத்தனை பேருக்கு எங்கே போவேன் என்று பெண்ணின் அம்மா பாதிப் பேருக்குக் காப்பியும் பாதிப் பேருக்கு மோரும் கொடுத்தாள். தை மாசம் திருவொற்றியூர்க் கோயிலில் காவல்காரர் தாலி கட்டினார். என் வீட்டுக்காரரின் நிஜாரிலிருந்து அவர் வேட்டிக்கு மாறி நான் பார்த்தது அன்றைக்குத்தான். நன்றாகவே இருந்தார்.

பெண் வந்த அன்று ஸ்டோர் முழுவதும் வரிசையாக நின்று தத்தம் துறையைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டோம். அவள் ஒவ்வொருவரையும் நிதானமாகப் பார்த்தாள். சின்ன உருவம், பெரிய கண். கடைசியில் வின்ச்காரரிடம், "அப்போ எங்க ரெண்டு பேருக்கு இத்தினி பேரா?" என்று கேட்டாள். அவர் ஆமாம் என்றார், பெருமையாக. "எப்ப வோணா கூப்டலாமா?" என்றாள். எப்போது வேண்டுமானாலும் என்று வாக்குக் கொடுத்தார்.

வாக்கு கொடுத்திருக்கக் கூடாது.

காவல்காரர் கூப்பிடத் தெரியாதவர். இவள் கூப்பிடத் தெரிந்தவள். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கொடி உபமந்திரியைக் கூப்பிட்டு, புடவையைப் பிழிந்து காயப்போடச் சொன்னாள். அவர் டிராமுக்கு நேரமாகிறது என்றார். அப்படியானால் எதற்குப் பதவி என்றாள். பிழிந்து போட்டுவிட்டு ஓடினார். காக்கை உபமந்திரியிடம் வடகம் காய வைத்த பாயைக் காட்டி, சாயங்காலம் வரைக்கும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். தபால் உபமந்திரியிடம் அம்மாவுக்குச் செய்தி சொல்லித் திருவொற்றியூருக்கு அனுப்பினாள். மறந்துபோன இன்னொரு செய்திக்கு அன்றைக்கே மறுபடியும் அனுப்பினாள். முற்றம் பெருக்குகிறவர் பின்னாலேயே போய், மூலையைக் காட்டிக் காட்டிப் பெருக்க வைத்தாள். என் வீட்டுக்காரரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பி, பல்பில் பூச்சி மொய்க்கிறது, வந்து என்னவென்று பாருங்கள் என்பாள். அவர் ஸ்டூலில் ஏறி பூச்சியை ஊதிவிட்டு வந்து உட்காருவார். மறுபடியும் குரல் வரும்.

இதில் ஒரு துளி கோபமோ கேலியோ கிடையாது அவளுக்கு. சேவை செய்வதாகச் சொன்னார்கள், வாங்கிக்கொண்டாள். கணவர் தூங்கும்போது மட்டும் யாரும் வாசலுக்கு வரக் கூடாது என்று ஒரே ஒரு கட்டளை. அந்த மனிதர் மூன்று மாசத்துத் தூக்கத்தையும் அந்த மாசத்தில் தூங்கித் தீர்த்தார்.

முதலில் போனது காக்கைத் துறை. ஒருநாள் முழுக்க வெயிலில் வடகத்துக்குக் காவலிருந்தவர் சாயங்காலம் என்னிடம் வந்து பெயரை அடித்துவிடச் சொன்னார். அடுத்த நாள் கண்டக்டர். அதற்கடுத்த நாள் மூன்று பேர் சேர்ந்தாற்போல வந்தார்கள். எல்லாவற்றையும் 'சமூகத்தின் தேவையை உத்தேசித்து ராஜினாமா' என்றே எழுதினேன், வேறு வாசகம் எனக்கு வரவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு வாரம் தாக்குப்பிடித்தார். பிறகு ஓர் இரவுச் சாப்பாட்டில் மூன்றாம் முறை எழுந்து போய்விட்டு வந்து, ரசம் ஆறிப்போயிருந்ததைப் பார்த்து, நோட்டை எடு என்றார்.

மாசி முடிவதற்குள் மீன்கார அக்காவும் வின்ச்காரரும்தான் மிச்சம். அக்காவை அந்தப் பெண் கூப்பிட்டதே இல்லை. நாலு மணிக்குத் தானே எழுந்து வந்து, அக்காவுக்குப் பக்கத்தில் இன்னொரு கல்லைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். இரண்டு பேருமாகக் குடங்களைப் பார்த்தார்கள். ஐந்தாவது குடம் வைக்க அப்புறம் யாருக்குத் தைரியம் வரும்?

வின்ச்காரர் பத்து நாள் தனி மந்திரியாக இருந்து பார்த்தார். குழாயைத் தவிர எல்லாத் துறையும் அவர் தலையில் வந்து விழுந்தது. வின்ச் ஓட்டிவிட்டு வந்து வடகத்துக்குக் காவலிருந்தார், பூச்சி ஊதினார், திருவொற்றியூருக்குப் போய் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வாசலில் வந்து நின்றார். குரல் சாதாரண மனிதக் குரலாக இறங்கியிருந்தது.

"டீச்சரம்மா, ஒரு லெட்டர் எய்தணும்," என்றார். "ஆனா யார் பேருக்கு எய்துறதுன்னு தெர்ல. எனக்கு மேல யாரும் இல்லியே."

இரண்டு பேரும் யோசித்தோம். பிறகு 'மகா ஜனங்கள் சமூகத்துக்கு' என்று ஆரம்பித்து நாலு வரியில் அவர் ராஜினாமாவை எழுதினேன். அவர் கேட்டுக்கொண்டபடி, இதுவரை ஏதாவது குறை வைத்திருந்தால் மன்னிக்கவும் என்றும் சேர்த்தேன். கையெழுத்துப் போட்டார். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, கடைசி அறைக்கு என்னோடு வந்தார்.

காவல்காரர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவள் வாசலில் அடுப்பை மூட்டி நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்க வராது, அதனால் கடிதத்தை நான்தான் மெல்லிய குரலில் வாசித்துக் காட்டினேன். வின்ச்காரர் கைகட்டி நின்றார். வாசித்து முடிக்கும் வரைக்கும் அவள் கரண்டியை நிறுத்தவில்லை.

"சரி," என்றாள். "நிக்க வச்சிகினு கீறீங்களே அவர. குந்தச் சொல்லுங்க, ரெண்டு வாய் துண்ணட்டும்."

அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். மூன்றாவது தடவை சோறு கேட்டபோது பழைய குரல் திரும்பிவிட்டது. உள்ளே தூங்கியவர் விழித்துக்கொண்டார்.